பின்சீட்டில் இடமில்லை

ஒரு காரில் குழந்தையை உட்கார வைக்கக்கூடிய இடங்கள் நான்கு. முன்னால் ஒன்று, பின்னால் மூன்று. இந்த நான்கு இடங்களுக்கும் தனித்தனியாக நான்கு அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேலே ஓர் இயக்குநர் இருக்கிறார், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கட்டடமும் இருக்கிறது என்பது என் மகள் பிறக்கும்வரை எனக்குத் தெரியாது. தெரியாமல் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

மகள் அவசரக்காரி. நாள் நிறைவதற்கு வெகு முன்பே வந்துவிட்டாள். வந்தவளை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நானும் மனைவியும் வாரக்கணக்கில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் திரைச்சீலை தைக்கிறவன். ஊரில் பாதி ஜன்னல்களை அளந்திருக்கிறேன். கண்ணாடி என்றாலே எரிச்சல் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

ஒருநாள் மத்தியானம் வார்டு நர்ஸம்மா வந்து, குழந்தை தேறிவிட்டாள், இன்றே வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். என் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது முடிக்கிறவரை நர்ஸம்மா பொறுமையாக நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, வாரியத்தில் போய் ஸ்டிக்கர் வாங்கி வரச் சொன்னார்.

குழந்தை இருக்கை இட நிர்ணய வாரியம் என்பது அதன் முழுப்பெயர். காரில் குழந்தை சீட்டை எங்கே வைக்கலாம் என்று வாரியம் முடிவு செய்து கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் ஆஸ்பத்திரி குழந்தையை வெளியே விடும். சாயங்கால மணி அடிப்பதற்குள் ஸ்டிக்கர் வராவிட்டால் பெட்டியை அடுத்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் குழந்தையை வாரியத்தின் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காப்பகம் வேறு ஊரில் இருந்தது. அங்கே போன குழந்தையைத் திரும்ப வாங்குவது எப்படி என்று கேட்டேன். போன மழைக்காலத்தில் ஒருவர் போனார், இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார் என்றார் நர்ஸம்மா. கேலியாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கே அதில் வருத்தம்தான்.

"கையில தூக்கிட்டே நடந்து போயிட்டா?" என்று கேட்டேன்.

"கையில ஸ்டிக்கர் ஒட்ட முடியாதே" என்றார்.

மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கி வார்டு வாசல் பெஞ்சில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "போங்க. ஸ்டிக்கரோட வாங்க. இல்லன்னா வராதீங்க" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

கார் என் மச்சானுடையது. மனைவியின் தம்பி. பழைய வண்டியாக இருந்தாலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வைத்திருக்கிறவன். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். குழந்தை சீட்டைப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியோடு டிக்கியில் வைத்திருந்தான். வாரியம் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பத்திரியைவிடப் பெரிய கட்டடம். அங்கேதான் எங்கள் வண்டியை நிறுத்தினோம்.

முன்வாசலில் ஒரு குமாஸ்தா. எந்த இடத்துக்காக வந்திருக்கிறோம் என்று கேட்டார். எந்த இடம் நல்லது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். துணிக்கடையில் மாத்திரை கேட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எங்கே வைக்கலாம் என்று சொல்வது வாரியத்தின் வேலை இல்லையாம். எங்கே வைக்க விரும்புகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டுமாம். கூடாது என்று அவர்கள் சொல்வார்களாம்.

"அப்ப நாலு தடவ கூடாதுன்னு கேட்டுட்டுப் போயிரலாம் மாமா" என்றான் மச்சான். குமாஸ்தா சிரிக்கவில்லை. தாழ்வாரத்தின் இடது பக்கக் கதவைக் காட்டினார்.

பின்னிருக்கை இடது பக்க அதிகாரியின் அறை பளபளவென்று இருந்தது. சுவரில் பெரிய பலகை. 'விபத்தில்லா இருக்கை' என்று பொன்னெழுத்தில் எழுதி மாலை போட்டிருந்தார்கள். அதிகாரிக்குத் தடித்த உடம்பு, கனிவான குரல். எங்களை உட்காரச் சொல்லி, என் மகளின் எடையைக் கேட்டு, நல்ல எடைதான் என்று சந்தோஷப்பட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"இடது பின்சீட்டு மாதிரி ஒரு இடம் கிடையாதுங்க" என்று ஆரம்பித்தார். "நடைபாதைப் பக்கம். இறக்கி ஏத்த வசதி. தாயார் பக்கத்துலயே உட்காந்துக்கலாம். படிச்சவங்க யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க."

அப்படியானால் அதையே கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"எப்படிங்க குடுக்க முடியும்?" அவர் உண்மையாகவே பதறினார். "அந்தப் பலகையைப் பாருங்க. நான் வந்த நாள்லேர்ந்து இந்த இடத்துல ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் பட்டதில்ல. எப்படி சாதிச்சேன்னு கேளுங்க."

கேட்டேன்.

"ஒரு குழந்தையையும் உட்கார விட்டதில்ல."

மச்சான் வாயைத் திறந்தான். நான் அவன் தொடையைக் கிள்ளினேன். பெட்டியில் மகள் கிடக்கும்போது வாய்க்கு ருசியாகப் பேசுவது கட்டுப்படியாகாது. அப்படியானால் ஊரில் இத்தனை குழந்தைகள் எப்படி வீட்டுக்குப் போகின்றன என்று மட்டும் பணிவாகக் கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து அறைகளில் விசாரிக்கச் சொன்னார். அடுத்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வருகிறது என்பதையும், அதுவரை அந்த மாலை வாடக் கூடாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல மனிதர்கள் கெடுதல் செய்யும்போது எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

வலது பக்க அதிகாரி ஒல்லியானவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுகொண்டார். இடது பக்கம் என்ன சொன்னார்கள் என்பதே அவருடைய முதல் கேள்வி. கூடாது என்று சொன்னதாகச் சொன்னதும் அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"என் பக்கம் டிராஃபிக் பக்கம். இடது பக்கம் என்னோடதவிட நல்ல இடம்னு ஊருக்கே தெரியும். நல்ல இடத்துக்கே இல்லன்னு சொல்லிட்டாரு. அதவிட மோசமான இடத்துக்கு நான் சரின்னா என்னை என்ன நினைப்பாங்க?"

நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தது, அதனால்தான் ரத்தம் கொதித்தது. மேசை மேல் குழந்தைகளின் புகைப்படங்கள் வைத்திருந்தார். சொந்தக் குழந்தைகளா என்று கேட்டேன். ஆமாம், மூன்று பேர், பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றார்.

நடு இருக்கை அதிகாரியின் அறைக்கு ஜன்னலே இல்லை. இரண்டு பக்கமும் பெரிய அறைகள் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. எல்லாக் கதவிலிருந்தும் தூரமாக இருப்பதால் நடு இடம்தான் ரொம்பப் பாதுகாப்பு என்று அவர் கிசுகிசுத்தார். அதனால்தான் பயமாம். ஒருவருக்குக் கொடுத்தால் ஊரே வந்து கேட்கும். ஊரே நடுவில் உட்கார்ந்தால் விபத்தெல்லாம் நடுவிலேயே நடக்கும்.

ஆனாலும் கடமை தவறாதவர். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு எங்களோடு வெளியே வந்து, எங்கள் வண்டியின் நடுவில் குழந்தை சீட்டை வைத்துப் பார்த்தார். நடுவில் மெத்தை மேடாக இருந்ததால் சீட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. எவ்வளவு இழுத்துக் கட்டியும் நிற்கவில்லை. என் மகளை அதில் உட்கார வைப்பதை நினைத்து எனக்கே பகீரென்றது. இங்கே வைக்கக் கூடாது என்று நானே சொன்னேன்.

அதிகாரி இடிந்துபோய்விட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு உண்மையான காரணம் ஒன்று கிடைப்பது இதுதான் முதல் தடவையாம். உண்மையான காரணத்தை எந்தப் பிரிவின்கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக டார்ச்சை அணைக்க மறந்து உள்ளே போனார்.

முன்னிருக்கை அதிகாரி ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் சந்தோஷமாக இருந்தவர். காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஏர்பேக் இருக்கிறது, விரிந்தால் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிற கைக்குழந்தையின் முதுகில் இடி மாதிரி விழும், அதனால் கூடவே கூடாது என்றார். கேட்டதும் புரிந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்தோம்.

"இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான் நல்லாத் தூங்குறேன்" என்றார் அவர். "எல்லாரும் இல்லன்னுதான் சொல்றோம். எனக்கு மட்டும் அது உண்மையாவும் அமைஞ்சிருச்சு."

வெளியே வந்தபோது என் போன் அடித்தது. மனைவி. வார்டு வாசலில் காப்பகத்து ஜீப் வந்து நிற்கிறதாம். குழந்தையைத் துணியில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அவங்க சுத்தறதுக்கு முன்னாடி நானே சுத்திட்டேன்" என்றாள். "என் கையிலதான் இருக்கா. பிடுங்கினாத்தான் போவா." குரல் நடுங்கவில்லை. வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

நேரே மாடியேறி இயக்குநரின் அறைக்கதவைத் தள்ளினேன். வரிசை, அனுமதி என்று யாரோ பின்னால் கத்தினார்கள். நான் சாதாரணமாக அப்படிப்பட்டவன் இல்லை, ஒருவர் வீட்டுக்குத் திரை மாட்டப் போனால்கூட மூன்று தடவை அழைப்புமணி அடித்துவிட்டு நிற்கிறவன். அன்றைக்கு என்னால் நிற்க முடியவில்லை.

இயக்குநர் வெள்ளை உடையில் இருந்தார். என்னைக் கண்டு கோபப்படவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வாரியத்தின் சாதனையை விளக்கினார்.

"இந்த வாரியம் வந்தப்புறம் கார் சீட்டுல அடிபட்ட குழந்தைன்னு இந்த ஊர்ல ஒண்ணு கிடையாது. ஸ்கூட்டர்ல அடிபடுது. பஸ்ஸுலேர்ந்து விழுது. ரோட்டைக் கடக்கறப்ப போயிடுது. நிறைய, ரொம்ப நிறைய. முன்னைவிட ஜாஸ்தியாவே இருக்கு. ஆனா பாருங்க, அதுல ஒண்ணுகூட எங்க துறை இல்ல." சொல்லும்போது அவர் கண்ணில் ஈரம் இருந்தது. பெருமையில் வந்த ஈரம்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மகளைக் காப்பகத்துக்கு ஏற்றப்போகிறார்கள், மணி அடிப்பதற்குள் ஏதாவது ஓர் இடம் சொல்லுங்கள் என்றேன். அவர் மனம் இளகிவிட்டது. உடனடியாகக் கூட்டு ஆய்வு நடத்த உத்தரவிட்டார். உடனடி என்றால் மாதிரிக் குழந்தை வந்தவுடன்.

மாதிரிக் குழந்தை என்பது ஒரு மணல் மூட்டை. பச்சைக் குழந்தையின் எடைக்கு மணலை நிறைத்து, தலை மாதிரி ஒரு முடிச்சுப் போட்டிருந்தார்கள். அதற்குக் குளிர்சாதன அறை இருந்தது. பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும், ஆயா விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆயாவும் இருந்தார்கள். என் மகளின் வார்டில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளுக்கு ஒரே நர்ஸம்மா. இதை நான் யாரையும் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, மூட்டை ஆரோக்கியமாக இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அன்றைக்கு அதற்கும் உடம்பு சரியில்லை. தையல் விட்டு ஒரு பக்கம் மணல் கொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவ விடுப்பில் இருப்பதாகவும், தைக்கிறவர் திங்கட்கிழமை வருவார் என்றும் ஆயா சொன்னார். நான் சட்டைக் காலரின் உள்பக்கம் கைவிட்டு ஊசியை எடுத்தேன். எங்கள் தொழிலில் ஊசி இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டோம். நூலும் பாக்கெட்டில் இருந்தது. தரையில் உட்கார்ந்து அந்த மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு தைத்தேன். பெற்ற மகளை இன்னும் மடியில் போட்டதில்லை. அவசரத்தில் இரண்டு இடத்தில் விரலில் குத்திக்கொண்டேன். பார்த்து, அதுக்கு வலிக்கப் போகிறது என்றார் ஆயா.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மூட்டையைச் சீட்டில் வைத்து, சீட்டை ஒவ்வோர் இடத்திலும் வைத்து, வண்டியை இருந்த இடத்திலேயே நான்கு பேர் பிடித்து உலுக்கினார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டான். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது யாராலும் கூடாது என்று சொல்ல முடியாது, யாருக்கும் சரி என்று சொல்லவும் மனம் வராது. இயக்குநர் ஒரு வழி சொன்னார். இடது பின்சீட்டில் வைக்கட்டும். ஆனால் நால்வரும் தங்கள் துறை சார்பாக ஒவ்வொரு நிபந்தனை போட்டுக்கொள்ளட்டும்.

இடது பக்க அதிகாரி பலகையை நினைத்துப் பெருமூச்சு விட்டார். வண்டி இடது பக்கம் திரும்பாமல் இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். வலது பக்க அதிகாரி, அப்படியானால் வலது பக்கமும் திரும்பக் கூடாது என்றார். நடு அதிகாரி யோசித்து, திடீரென்று பிரேக் போட்டால் குழந்தை குலுங்கும், ஆகவே பிரேக் போடக் கூடாது என்றார். டீ குடித்தவரிடம் இயக்குநர் திரும்பினார். முன்பக்கம் தன்னுடைய பொறுப்பு என்பதால் வண்டி முன்னால் போகாமல் இருந்தால் நல்லது என்றார் அவர். பின்னால் போவதைப் பற்றி மச்சான் விசாரித்தான். பின்சீட்டு அதிகாரிகள் மூன்று பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள்.

இயக்குநர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, சுருக்கமாக எழுதச் சொன்னார். ஸ்டிக்கர் வந்தது. நல்ல பச்சை நிறம். 'இடது பின்னிருக்கையில் குழந்தை அமர அனுமதிக்கப்படுகிறது. வாகனம் நகரக் கூடாது.' அவரே தன் கையால் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டு எனக்குக் கைகொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்டால் ஸ்டிக்கரை உரித்துவிடுவார்கள் என்று பயம். மச்சானைக் காரோடு விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினேன். ஜீப்காரர் மனைவிக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மனைவி பெஞ்சின் மூலையில் ஒடுங்கி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து, முழங்காலை மடக்கி அவருக்கும் குழந்தைக்கும் நடுவில் வைத்திருந்தாள். "ஸ்டிக்கர் ஒட்டியாச்சு" என்று கத்தினேன். அவர் கையை இறக்கினார். அவருக்கும் அது பெரிய நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது.

நர்ஸம்மா கூடவே வந்து ஸ்டிக்கரைப் பார்த்தார். இரண்டாவது வரியைப் படிக்கும்போது கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். படித்து முடித்ததும் குழந்தையை வாங்கி, பின்னோக்கி வைத்திருந்த சீட்டில் படுக்கவைத்து, பெல்ட்டைத் தோளில் சரிசெய்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மகள் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அழவில்லை. மனைவி அவள் பக்கத்தில் நடுவில் உட்கார்ந்தாள், நான் வலது ஓரத்தில். கடைசியில் குடும்பமாக ஒரே இடத்தில் இருந்தோம். இடம் ஆஸ்பத்திரி சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்தது.

"இப்ப என்ன மாமா?" என்றான் மச்சான், கையை ஸ்டியரிங்கில் வைக்கலாமா என்று தெரியாமல்.

வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். வண்டி நகர்ந்தால் ஸ்டிக்கர் செல்லாது, ஸ்டிக்கர் செல்லாவிட்டால் குழந்தை கேட்டைத் தாண்ட முடியாது என்றார். மணி அடித்த பிறகு வளாகத்தில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்றும் சொன்னார். நகரவும் கூடாது, நிற்கவும் கூடாது என்றால் எப்படி என்று நான் கேட்டதற்கு, எல்லோரும் முதலில் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று விசில் ஊதினார்.

பின்பக்கச் சந்திலிருந்து ஒரு லாரி வந்தது. பழுதான வண்டிகளைத் தூக்கிப் போகிற தட்டையான லாரி. டிரைவர் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. பலகையைச் சரித்து, கொக்கி மாட்டி, எங்களோடு சேர்த்துக் காரை மேலே இழுத்து ஏற்றினார். சக்கரங்களைப் பட்டையால் கட்டினார். இயக்குநர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கார் லாரியின் மேல் நின்றுகொண்டிருந்தது, நகரவில்லை. நகர்வது லாரி, லாரியின் சரக்கு வேறு துறை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மணி அடித்தபோது நாங்கள் கேட்டைத் தாண்டினோம். வாட்ச்மேன் சல்யூட் அடித்தார்.

பெரிய சாலையில் ஏறியதும் காற்று காரை உலுக்கியது. ஒரு பட்டை கிறீச்சிட்டது. மின்கம்பிகள் தலைக்கு மேலே தொட்டுவிடும் தூரத்தில் போயின. பக்கத்தில் போன பஸ்ஸில் நின்றவர்களின் முகம் எங்களுக்கு நேராகத் தெரிந்தது. மனைவி ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டாள். வளைவில் லாரி சாய்ந்தபோது கார் பட்டையோடு ஒரு விரற்கடை நகர்ந்ததை நான் உணர்ந்தேன். என் உயிர் போய்ப்போய் வந்தது. ஒரு குழந்தையைக் கொண்டுபோக இதைவிட ஆபத்தான இடம் ஒன்றை ஒரு வாரியம் முழுக்கச் சேர்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன். அப்புறம்தான், ஒரு வாரியம் முழுக்கச் சேர்ந்து யோசித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறது என்பது உறைத்தது.

வளைவு தாண்டி, வாரியத்தின் மாடி கண்ணுக்கு மறைந்ததும் லாரி ஓரங்கட்டியது. தரையெல்லாம் பழைய சக்கரத் தடங்கள். உரித்துப் புளியங்கொட்டை அளவுக்கு உருட்டிப் போட்ட பச்சை ஸ்டிக்கர்கள் அங்கங்கே கிடந்தன. டிரைவர் வழக்கமாக இங்கேதான் இறக்குவேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரைக் கீழே விட்டார். மச்சான் ஸ்டிக்கரை உரித்து உருட்டி மற்றவற்றோடு போட்டான். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. மச்சான் சாவியைத் திருகினான்.

இனிமேல் ஒரு தொல்லையும் இல்லை. வண்டி நம்முடையது, சாலை நல்ல சாலை, வீடு வந்துவிடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் என் கை தானாகக் கதவைப் பிடித்தது.

"மெதுவா" என்றேன். மச்சான் மெதுவாகத்தான் போனான். இடது பக்கம் ஒரு சைக்கிள் வந்தது. அந்தப் பக்கம் வேண்டாம், குழந்தை அந்தப் பக்கம் இருக்கிறாள் என்றேன். அவன் வலது பக்கம் ஒதுங்கினான். எதிரே வண்டி வருகிறது, வலது பக்கம் ஒதுங்காதே என்றேன். சிக்னலில் பிரேக் போட்டான். குழந்தையின் தலை ஒரு நூல் அசைந்தது. இப்படிப் பிரேக் போடலாமா என்று சத்தம் போட்டேன். அப்புறம் பிரேக் போடாமல் எப்படி நிறுத்துவது என்று அவன் கேட்டான். நிறுத்தத் தேவையில்லாத மாதிரி ஓட்ட வேண்டும் என்றேன். பச்சை விழுந்தது. கொஞ்சம் பொறு என்றேன். பின்னாலிருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் ஆபத்து தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் என்னிடம் சரியான காரணம் இருந்தது. இந்தச் சிக்னலிலேயே இப்படியே நின்றுவிட்டால் அவளுக்கு எதுவும் ஆகாது என்று தோன்றியது. அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று முழுக்க வாரியத்துக்குள் கால் வைக்கவில்லை, இருந்தாலும் என் முகத்தைப் பார்த்ததும் வாரியம் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"தம்பி, ஓரமா நிறுத்து" என்றாள்.

நிறுத்தினான்.

"நீங்க இறங்குங்க."

ஏன் என்று கேட்டேன்.

"வீடு பக்கம்தான். நடந்து வாங்க. நான் எம் பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்."

இறங்கும்போதும் வலது கதவைத் திறப்பது ஆபத்து என்று வாயில் வந்தது, விழுங்கிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் வண்டி கிளம்பி, தெருமுனையில் விளக்குப் போட்டு, இடது பக்கம் திரும்பத் தயாரானது. கையை நீட்டி வேண்டாம் என்று சொல்லப் போனேன். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆட்டினேன். மச்சான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், மனைவி குனிந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேரும் திரும்பவில்லை. மகள் பின்னோக்கி உட்கார்ந்திருந்தாள். காரின் பின்சீட்டு முதுகு மறைத்ததால் அவள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த வண்டியில் என் பக்கம் முகம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான். அவளைப் பார்த்து ஆட்டிக்கொண்டே நின்றேன். வண்டி நன்றாகத் திரும்பி வீட்டைப் பார்த்துப் போனது.